பெட்டி போகும்... எஞ்சின் போகாது! தெரியுமா?

2017 ஆகஸ்ட் 12. ஜெர்மனியில் ராஷ்டாட் என்றொரு சிறு நகரம். ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு அடியிலேயே மண்ணை உறையவைத்துச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மேலே தண்டவாளம் தொய்ந்தது. அவ்வளவுதான், பாதையை மூடிவிட்டார்கள்! ஏதோ கிளைப் பாதை என்று நினைத்துவிடாதீர்கள். கார்ல்ஸ்ரூவிலிருந்து பாஸல் வரை ரைன் நதியை ஒட்டிப் போகும் அந்தத் தடம்தான், வடக்கே ராட்டர்டாம் துறைமுகத்தையும் தெற்கே ஜெனோவா துறைமுகத்தையும் இணைக்கும் ஐரோப்பாவின் சரக்கு ராஜபாட்டை. அக்டோபர் 2 வரை அது திறக்கவில்லை. உள்ளே இருந்த தோண்டும் இயந்திரத்தை வெளியே எடுக்காமல், கான்கிரீட் ஊற்றி அங்கேயே புதைத்துவிட்டார்கள் தெரியுமா?

ஆனால் தலைசுற்ற வைக்கும் விஷயம் அதுவல்ல. நதிக்கு அக்கரையில் பிரான்ஸ். அங்கேயும் ஆற்றை ஒட்டி ரயில் பாதை இருக்கிறது. அதே அகலத் தண்டவாளம். அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதானே? போக முடியவில்லை! ஜெர்மனியின் வொர்த்திலிருந்து லாட்டர்பூர் வழியாக ஸ்ட்ராஸ்பூர்க் வரை மேலே மின்கம்பி இல்லை. டீசல் எஞ்சின் வேண்டும். ஜெர்மனியில் டீசல் எஞ்சினுக்குப் பஞ்சமில்லைதான். பிரான்ஸில் ஓட அனுமதி பெற்றவைதான் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. ஓட்டுநர்களோ பிரெஞ்சு மொழி தெரியாதவர்கள். சரக்கு ரயில்கள் நாடு நாடாகத் தேங்கி நின்றன. அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது, எஞ்சினுக்கு மட்டும் தடை!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருக்கும் வேகன்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. 1882-லும் 1886-லும் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடி உட்கார்ந்து தண்டவாள அகலம், பஃபர், கதவுப் பூட்டு என்று பேசி முடித்துவிட்டன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து கொக்கி மாட்டும் தொழிலாளி நசுங்காமல் நிற்க எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதற்குக்கூட அங்கே அளவு உண்டு. இன்றைக்கும் அதற்கு ‘பெர்ன் இடம்’ என்றுதான் பெயர். ரயில் ஊழியர் இடுப்பில் தொங்கும் சதுரச் சாவிக்குப் பெயர் ‘பெர்ன் சாவி’! 1920-களின் தொடக்கத்தில் வேகன்களுக்கும் பயணிகள் பெட்டிகளுக்கும் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. உரிய முத்திரை பொறித்த பெட்டி, நாடு விட்டு நாடு போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும். யாரும் மறிக்க மாட்டார்கள்.

அப்படியானால் எஞ்சின் மட்டும் என்ன பாவம் செய்தது? வேகனுக்குச் சக்கரம், பிரேக், கொக்கி இருந்தால் போதும். எஞ்சினோ மேலே மின்கம்பியோடும், கீழே தண்டவாளத்தோடும், ஓரத்தில் சிக்னலோடும், காற்றில் ரேடியோவோடும் ஓயாமல் உறவாடவேண்டும். அந்த நான்கிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு. சில இடங்களில் ஒரே நாட்டுக்குள்ளேயே வேறுபாடு!

முதலில் கரண்ட். நெதர்லாந்திலும் பிரான்ஸின் தெற்கிலும் 1,500 வோல்ட் டிசி. பெல்ஜியம், இத்தாலி, போலந்தில் 3,000 வோல்ட் டிசி. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன், நார்வேயில் 15,000 வோல்ட் ஏசி. டென்மார்க், ஹங்கேரி, போர்ச்சுகல், வடக்கு பிரான்ஸ் என்றால் 25,000 வோல்ட் ஏசி. செக் நாட்டை என்ன சொல்ல? வடக்கே 3,000, தெற்கே 25,000! டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தில், ஸ்வீடன் கரையேறும் இடத்தில் 25,000 முடிந்து 15,000 தொடங்குகிறது. நடுவே கரண்டே இல்லாத ஒரு துண்டு. ரயில் ஓடும் வேகத்திலேயே அதைத் தாண்டிவிடவேண்டும். ஜெர்மனியின் ஆஹென் நிலையத்தில் சில பிளாட்பாரங்களுக்கு மேலே தொங்கும் கம்பியில், வருவது ஜெர்மன் எஞ்சினா பெல்ஜிய எஞ்சினா என்று பார்த்துக் கரண்டையே மாற்றிப் போடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

அந்த 15,000 வோல்ட் கதை தனி ருசி. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஜெர்மனி ரயிலில் அதில் மூன்றில் ஒரு பங்குதான், பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஏன்? நூறு வருடத்துக்கு முந்தைய மோட்டார்கள் 50-ஐத் தாங்கவில்லை. தூரிகை உரசும் இடத்தில் பொறி பறந்தது. 1912-ல் பிரஷ்யா, பவேரியா, பாடன் ரயில்வேக்கள் கூடி இந்தக் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. அந்த மோட்டார்கள் மியூசியத்துக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எண் போகவில்லை! 1995 அக்டோபர் 16 அன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து அதில் ஒரு சிறு திருத்தம் செய்தன: சரியாக மூன்றில் ஒரு பங்காக இருந்தது 16.7 ஹெர்ட்ஸ் ஆனது. துல்லியமாக மூன்றில் ஒன்றாக இருந்ததால் மின்மாற்று இயந்திரங்களின் சுருள்கள் சூடேறின, அதுதான் காரணம். சின்னத் தசமப் புள்ளிக்குள் எத்தனை கதை பாருங்கள்.

சரி, நான்கு கரண்டிலும் ஓடும் எஞ்சின் செய்வது அவ்வளவு கஷ்டமா? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. 1961-லேயே செய்துவிட்டார்கள்! ஸ்விட்சர்லாந்தின் ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ மின்ரயில், நான்கு வித மின்சாரத்திலும் ஓடியது. மிலானில் கிளம்பி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் பாரிஸ் வரை போயிருக்கிறது. 1964-ல் பிரான்ஸும் ஒரு நான்கு-கரண்ட் எஞ்சினைக் களமிறக்கியது. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முன்பே தீர்ந்த பிரச்சினை இது!

ஆனால் கூரையைப் பாருங்கள். இன்றைய பன்னாட்டு எஞ்சினின் தலையில் நான்கு பான்டோகிராஃப்கள், அதாவது கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மடக்குக் கைகள், அடுத்தடுத்துப் படுத்திருக்கும். எதற்கு நான்கு? கரண்டுக்காக மட்டுமல்ல, அகலத்துக்காகவும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அந்தக் கையின் தலை 1,950 மில்லிமீட்டர் அகலம், ஸ்விட்சர்லாந்தில் 1,450. மின்கம்பி நேர்கோட்டில் போவதில்லை. கை ஒரே இடத்தில் தேயாமலிருக்க இடமும் வலமுமாக வளைத்து வளைத்துக் கட்டியிருப்பார்கள். ஜெர்மனியில் அந்த வளைவு அகலம். அங்கே குறுகிய ஸ்விஸ் கையைத் தூக்கினால் கம்பி நழுவி ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அகலமான ஜெர்மன் கையை ஸ்விஸ் சுரங்கத்துக்குள் தூக்கினாலோ சுவரோடு உரசும் ஆபத்து! போதாக்குறைக்கு டிசிக்கும் ஏசிக்கும் தொடும் பட்டையின் கலவையும் வேறு வேறு.

உலகத்திலேயே வேகமான மின்எஞ்சின் எது தெரியுமா? இப்படி நாடு தாண்டுவதற்காகச் செய்த ஒன்றுதான். 2006 செப்டம்பர் 2-ல் ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட் அருகே மணிக்கு 357 கிலோமீட்டர் தொட்ட ஆஸ்திரியாவின் 1216 வகை. ‘டாரஸ்’ குடும்பம். (இதன் மூத்த அண்ணன்கள் கிளம்பும்போது மோட்டாரிலிருந்து ஸ ரி க ம போல ஏறுவரிசையில் ஒலி வரும். யூடியூபில் தேடிக் கேளுங்கள், சிரித்துவிடுவீர்கள்.) அப்பேர்ப்பட்ட 1216 வகையிலும் எல்லா எஞ்சினும் எல்லா நாட்டுக்கும் போக முடியாது. இந்த எண் வரிசை இத்தாலிக்கு, அந்த எண் வரிசை செக் நாட்டுக்கு என்று கருவி வேறு, அனுமதி வேறு.

இனி சிக்னல். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தாண்டினால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு ஐரோப்பாவில் 20-க்கும் மேற்பட்ட வகை. ஜெர்மனிக்கு பி.இசட்.பி, பிரான்ஸுக்கு கே.வி.பி, நெதர்லாந்துக்கு ஏ.டி.பி, இத்தாலிக்கு எஸ்.சி.எம்.டி, ஸ்பெயினுக்கு அஸ்ஃபா, போலந்துக்கு எஸ்.எச்.பி... ஒவ்வொன்றுக்கும் எஞ்சினின் வயிற்றில் தனி ஆன்டெனா, உள்ளே தனிப் பெட்டி, ஓட்டுநர் முன்னால் தனிப் பொத்தான். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் ஊர்களை இணைத்த தாலிஸ் ரயிலில் இப்படி ஏழு வகைக் கருவி இருந்தது. ஏழு!

இதில் என் மனம் கவர்ந்தது ‘முதலை’. ஆமாம், முதலையேதான். தண்டவாளங்களுக்கு நடுவே படுத்திருக்கும் நீளமான உலோகப் பட்டைக்குப் பிரான்ஸில் அப்படிப் பெயர். எஞ்சினின் அடியிலிருந்து ஒரு தூரிகை அதைத் தடவிக்கொண்டு போகும். மின்னழுத்தத்தைப் பார்த்து ஓட்டுநருக்கு மணி அடிக்கும். 1872-ல் வந்த ஏற்பாடு. கம்ப்யூட்டர் நிரம்பிய புத்தம் புது எஞ்சினும் பிரான்ஸின் பழைய தடங்களுக்குள் நுழைய, டெலிபோனுக்கும் முந்திய இந்தத் தூரிகையை வயிற்றில் கட்டிக்கொள்ளவேண்டும்!

போலந்து இன்னும் ஒரு படி மேலே. பக்கத்து நாடுகள் சில ரயிலுக்கென்று டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறிவிட்ட பிறகும், அங்கே பழைய 150 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ புழங்குகிறது. அதில் ‘ரேடியோ-ஸ்டாப்’ என்ற வசதி. குறிப்பிட்ட மூன்று ஒலிகளை அடுத்தடுத்து அனுப்பினால் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா ரயிலும் பிரேக் போட்டு நிற்கும். உள்ளே வரும் வெளிநாட்டு எஞ்சினிலும் இது இருந்தாகவேண்டும். 2023 ஆகஸ்டில் யாரோ விஷமிகள் அந்த ஒலிகளை அனுப்பி, ஷ்செச்சின் பகுதியில் சுமார் இருபது ரயில்களை நிறுத்திவிட்டார்கள். ரகசியக் குறியீடு எதுவும் இல்லாத சாதாரண ஒலிதானே, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்!

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தடைகள். தெரியாத தடை ஒன்று இருக்கிறது. அனுமதி கேட்டு அலையும் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். பாதையில் ரயில் இருக்கிறதா இல்லையா என்று சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது? தண்டவாளத்தில் சிறு மின்னோட்டத்தை விட்டுவைத்திருப்பார்கள். ரயில் வந்து நின்றால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், மின்னோட்டம் மறுமுனைக்குப் போய்ச் சேராது, சிக்னல் சிவப்பாகும். டிராக் சர்க்யூட் என்பது இதுதான். இப்போது நவீன எஞ்சினை நினைத்துப் பாருங்கள். அதன் மின்னணுச் சாதனங்கள் மின்சாரத்தை ஆயிரம் துண்டாக நறுக்கி மோட்டாருக்குக் கொடுக்கின்றன. நறுக்கிய எச்சம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குள் இறங்குகிறது. அந்த எச்சத்தின் அலைவெண் தற்செயலாக டிராக் சர்க்யூட்டின் அலைவெண்ணோடு பொருந்திவிட்டால்? ரயில் நிற்கும் இடமே காலி என்று சிக்னல் ஏமாந்து பச்சை காட்டலாம். நெதர்லாந்தில் 75 ஹெர்ட்ஸ், நார்வேயில் 95-ம் 105-ம், வேறு இடங்களில் 50. ஒவ்வொரு நாட்டிலும் ஓட்டிக் காட்டி, அளந்து காட்டி, ‘என் எஞ்சின் உங்கள் சிக்னலை ஏமாற்றாது’ என்று நிரூபிக்கவேண்டும். இந்த விதியைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதில் சலுகை காட்டினால் நேருக்கு நேர் மோதல்தான்.

மணலிலும் வில்லங்கம் இருக்கிறது! சக்கரம் வழுக்கினால் எஞ்சின் தண்டவாளத்தில் மணல் தூவும். தூவல் அதிகமானால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மணல் திரையாகி, அதே டிராக் சர்க்யூட்டைக் கண்கட்டிவிடும். ஆகவே எத்தனை நொடிக்கு எத்தனை கிராம் என்று கணக்கு. ஜெர்மனியின் ஐ.சி.இ.-3 அதிவேக ரயில் பெல்ஜியத்துக்குப் போனபோது நடந்தது வேறு கதை: வேகத்தில் பாதையின் ஜல்லிக்கற்கள் எழும்பி ரயிலின் அடிவயிற்றில் அடித்தன. அடியில் கவசத் தகடு கட்டவேண்டியதாயிற்று.

இத்தனையும் சரிசெய்தாயிற்று. இனி காகிதம். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கணக்குப் போட்டபோது, உறுப்பு நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட தேசிய விதிகள் இருந்தன. சில நாடுகளில் ஒரு புது வண்டிக்கு அனுமதி வாங்க இரண்டு வருடம் வரை ஆகும். செலவு 60 லட்சம் யூரோ வரை! ஒரு நாட்டில் ஓடிக் காட்டியது இன்னொரு நாட்டில் செல்லாது. ஒரே மாப்பிள்ளைக்கு ஊருக்கு ஊர் புதிதாக ஜாதகம் பார்த்த கதைதான். செக் நாட்டின் வெலிமில் 1963 முதல் இருக்கும் 13 கிலோமீட்டர் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடவேண்டும். ஜெர்மனியில், பிரிட்டிஷ் விமானப்படையின் பழைய விமானத் தளத்தில் அமைந்த வில்டன்ராத் சோதனை மையத்தில் ஓடவேண்டும். வியன்னாவில் பிரம்மாண்டமான காற்றுச் சுரங்கம் இருக்கிறது: முழு ரயிலையும் உள்ளே நிறுத்திப் பனிப்புயலையும் பாலைவன வெயிலையும் வரவழைப்பார்கள்!

2016-ல் சட்டம் திருத்தினார்கள். பிரான்ஸின் வலென்சியனில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய ரயில்வே முகமைக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 2019 ஜூன் 16 முதல், ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டில் ஓடும் வண்டி என்றால் விண்ணப்பம் அங்கேதான், ஒரே இணைய வாசலில். தேசிய விதிகளையும் வெட்டிச் சாய்த்து வருகிறார்கள். அப்பாடா என்று உட்காராதீர்கள்! மிச்சமிருக்கும் தேசிய விதிகளைப் பற்றி அந்தந்த நாட்டு அதிகாரிகளை முகமை கேட்டாகவேண்டும். ஐரோப்பிய விதிகளைச் சரிபார்க்க ஒரு அமைப்பு, நாட்டு விதிகளுக்கு இன்னொன்று, அபாயக் கணிப்புக்கு மூன்றாவது. அனுமதிச் சீட்டில் எந்தெந்த நாட்டுப் பாதை என்று எழுதியிருக்கும். பிறகு ஒரு நாட்டைச் சேர்க்கவேண்டுமா? மறுபடி விண்ணப்பம். மென்பொருளில் பெரிய மாற்றமா? அதற்கும் அப்படித்தான்.

எஞ்சினுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, இன்னும் என்ன? வால் இருக்கிறதே! சரக்கு ரயிலின் கடைசி வேகனில் சில நாடுகளுக்கு ஒளியைத் திருப்பும் சிவப்பு வெள்ளைத் தகடு போதும். சில நாடுகளுக்கு எரியும் சிவப்பு விளக்கு வேண்டும். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே ப்ரென்னர் கணவாயில் இதற்காகவே ரயிலை நிறுத்தி, தகட்டைக் கழற்றி விளக்கை மாட்டுவது பல வருடம் வழக்கமாக இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்பதிலும் குழப்பம்: பிரான்ஸில் ரயில்கள் இடப்பக்கம் ஓடும், அல்சாஸ், மொசெல் பகுதியில் மட்டும் வலப்பக்கம். 1871 முதல் 1918 வரை அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது, ஜெர்மனிக்கு வலப்பக்கம். போர் முடிந்து மண் கைமாறியது, தண்டவாளம் மாறவில்லை. இன்றும் அந்தப் பழைய எல்லைப் பக்கம் ஒரு தடம் இன்னொன்றின் மேல் பாலம் ஏறித் தாண்டிப் பக்கம் மாறுகிறது.

மொழி விஷயத்தைச் சிரித்துக்கொண்டே எழுத முடியாது. ஓட்டுநருக்கு அந்தந்த நாட்டு மொழி ஓரளவு சரளமாகத் தெரியவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. விமானிகளைப் போல ஒரு பொது மொழி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2001 மார்ச் 27-ல் பெல்ஜியத்தின் பெக்ரோவில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 8 பேர் இறந்தார்கள். தவறான தடத்தில் ரயில் போவதை அறிந்த சிக்னல் ஊழியர் அடுத்த நிலையத்துக்குப் போன் செய்தார். இவர் பேசியது பிரெஞ்சு, அவருக்குத் தெரிந்தது டச்சு. இத்தனைக்கும் இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள்.

அனுமதித் தாமதத்துக்கு ஓர் உதாரணம். 2010 அக்டோபர் 19-ல் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஜெர்மனியின் ஐ.சி.இ. வந்து நின்றபோது ஒரே ஆரவாரம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லண்டனுக்கு 2013-ல் நேரடி ரயில் என்றார்கள். ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் பயணிகளை வெளியேற்றும் ஒத்திகைகூட நடந்தது. அதற்கான புது ரயில்கள் 2011-லேயே வந்திருக்கவேண்டும். சொந்த நாடான ஜெர்மனியில் அனுமதி கிடைக்கவே 2013 டிசம்பர் ஆகிவிட்டது! லண்டன் திட்டம் கிடப்பில் போனது.

எல்லா நாட்டுக்கும் பொதுவாக இ.டி.சி.எஸ். என்ற ஒரே சிக்னல் முறையை 1990-களிலிருந்து வளர்த்து வருகிறார்களே, அது வந்தால் தீராதா? தீரும், மெதுவாக. அதிலும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு. பொதுக் கருவி பொருத்திய எஞ்சினும், ஒவ்வொரு பாதையில் உள்ள பொதுக் கருவியோடு ஒத்துப்போகிறது என்று தனியாகச் சான்று காட்டவேண்டும்.

அண்மைக் கதை ஒன்று. ஜெர்மனியின் ஆஹென், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், பெல்ஜியத்தின் லியேஜ் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மூன்றையும் கோக்க ‘மூன்று நாட்டு ரயில்’ என்று ஒன்றைத் திட்டமிட்டார்கள். மூன்று கரண்டிலும் ஓடும் புது வண்டிகள் தயார். 2019 தொடக்கத்தில் ஆஹெனுக்கும் மாஸ்ட்ரிக்ட்டுக்கும் நடுவே ஓடத் தொடங்கின. பெல்ஜிய அனுமதி மட்டும் இழுத்துக்கொண்டே போனது. மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து லியேஜுக்கு முப்பது கிலோமீட்டர்தான், சைக்கிளில் இரண்டு மணி நேரம். அந்த ரயில் லியேஜ் போய்ச் சேர்ந்தது 2024 ஜூனில்!